இறங்கத் தெரிந்தவனே ஓட்டத் தெரிந்தவன்



மழைக்காலம் தொடங்கிவிட்டால் நம் இல்லங்களில் இரண்டு கேள்விகள் மாறிமாறிக் கேட்கும். ஒன்று, "குடை எடுத்துக்கொண்டாயா?" என்பது, மற்றொன்று, "வண்டியைத் திண்ணையில் ஏற்றியாயிற்றா?" என்பது. வண்டி என்று நாம் சொல்வது பெரும்பாலும் மிதிவண்டியைத்தான். கணவாய் வழியாகப் பாலக்காட்டுக்கும், போடிமலை ஏறி மூணாற்றுக்கும் பிழைப்பை நாடி வந்த நம்மவருள், பாலக்காட்டுச் சமவெளியில் தங்கியவர்க்கு அதுவே கை, அதுவே கால். பால்காரர், பூக்காரர், செய்தித்தாள் போடும் சிறுவன், இரவுப் பணிக்குச் செல்லும் என் போன்ற இரயில்வே குமாஸ்தா ஆகிய அனைவருடைய நாளும் அந்த இரண்டு சக்கரங்களின்மேல்தான் ஓடுகிறது. வெள்ளம் வந்தால் முதலில் நிற்பது மிதிவண்டி. அது நின்றால் அன்றைய அடுப்பும் நின்றுவிடும். ஆகவே, இத்திங்கள் வெள்ளத்தையும் மிதிவண்டியையும் பற்றி, நான் பட்டறிந்ததைச் சொல்ல விழைகின்றேன்.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள், வியாழக்கிழமை. பாலக்காட்டார் எளிதில் மறக்கக்கூடிய நாளன்று அது. ஒலவக்கோட்டிலுள்ள சந்திப்பு நிலையத்தில் இரவுப் பணியை முடித்துக்கொண்டு விடியற்காலையில் வெளியே வந்தேன். இரவு முழுவதும் மழை கூரையை அறைந்துகொண்டே இருந்தது. நிலையத்துக்கும் என் வீட்டுக்கும் இடையே கல்பாத்திப்புழை ஓடுகிறது. மலம்புழை, வாளையாறு, கோரையாறு முதலிய ஆறுகளின் நீரெல்லாம் ஒன்றுகூடி வருவதே இந்த ஆறு. மலம்புழை அணையோ, இவ்வூர் சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், 1955-இல் திறக்கப்பெற்றது. அவ்வாண்டு அணை நிரம்பிவிட்டமையால் மதகுகளை உயர்த்தி நீரை வெளியேற்ற நேர்ந்தது. மேலே மலையில் பெய்த மழையும், அணையிலிருந்து வந்த நீரும், ஊருக்குள் பெய்த மழையும் ஒரே வேளையில் சேர்ந்தால் ஆறு எங்கே போகும்? கரையை விட்டுத் தெருவுக்கு வந்தது. நகரின் தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது.

பாலத்தைக் கடந்து நகரப் பக்கம் இறங்கும் தெருவொன்றில் நீர் முழங்காலளவு நின்றது. எனக்கு முன்னே பூக்கார அண்ணன் தம் வண்டியைத் தள்ளிக்கொண்டு சென்றார். பொள்ளாச்சிப் பக்கத்தவர், நாள்தோறும் கோயம்புத்தூரிலிருந்து வரும் பூவை நிலையத்தில் இறக்கி, கூடையைக் கேரியரில் கட்டி, வீடுவீடாகக் கொடுப்பவர். மறுநாள் ஆடி வெள்ளி. அதற்கு மறுநாள் ஆடி அமாவாசை. ஆதலால் வழக்கத்தைப் போல் இருமடங்கு பூவைக் கடனுக்கு எடுத்து வந்திருந்தார்.

நானோ அவரைக் கடந்து மிதித்துச் சென்றேன். பத்து ஆண்டுகளாகப் போய் வரும் பாதை, கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவேன் என்ற இறுமாப்பு.

"இறங்குங்க தம்பி, இறங்குங்க!" என்று பின்னாலிருந்து கூவினார். நான் கேட்கவில்லை. அடுத்த கணம் முன்சக்கரம் மூடியில்லாத சாக்கடைக்குள் இறங்கியது. வண்டி என்மேல் சாய, நீரின் இழுப்பில் கால் நிலைகொள்ளவில்லை. வாய்க்குள் சேற்றுநீர் புகுந்தது. யாரோ என் சட்டைக் காலரைப் பற்றியது மட்டும் தெரிந்தது. எழுந்து நின்றபோது அண்ணன் ஒரு கையால் என்னையும் மறு கையால் என் வண்டியையும் பிடித்திருந்தார். கைவிட்ட அவருடைய வண்டி நீருக்குள் கிடந்தது. மல்லிகையும் அரளியும் கூடையோடு மிதந்து தெருக்கோடியைத் தாண்டிக்கொண்டிருந்தன. அவர் அதைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நீர் வடிந்தபின் அவர் குடியிருந்த இடத்துக்குப் பணத்தோடு சென்றேன். வாங்க மறுத்துவிட்டார். "பணம் எதுக்குங்க தம்பி? வண்டி சுத்த மாட்டேங்குது. கொஞ்சம் கூட இருந்து கழுவிக் கொடுங்க, போதும்" என்றார். அன்று பிற்பகல் முழுவதும் இருவரும் திண்ணையில் அமர்ந்து அவர் வண்டியைப் பிரித்தோம். நீரில் மூழ்கிய வண்டியை வெளிப்புறம் துடைத்துவிட்டால் போதும் என்று எண்ணியிருந்தேன். அது பெரும் பிழை என்பதை அன்றுதான் அறிந்தேன். சக்கரத்தின் நடுவே உள்ள அச்சுக்குள்ளும், பெடல் அச்சுக்குள்ளும், ஹேண்டில் பாரின் கழுத்துக்குள்ளும் சேறு புகுந்து கிரீஸைக் கரைத்துவிடுகிறது. அப்படியே ஓட்டினால் குண்டுகள் தேய்ந்து, சில வாரங்களில் அச்சே பழுதாகிவிடும். மண்ணெண்ணெயில் குண்டுகளைக் கழுவி, துணியால் துடைத்து, புது கிரீஸ் இட்டு மூட்ட வேண்டும். சங்கிலியைக் கழற்றிக் கழுவி, உலர்ந்தபின் எண்ணெய் விட வேண்டும். சீட்டுக் குழாயை உருவி, வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் உள்ளே தேங்கிய நீர் வடியும். அவ்வாறே செய்தோம். மறுநாட் காலையில் அவர் கூடையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். அமாவாசைப் பூவின் கடன் அடைய அவருக்குக் கார்த்திகை வரை ஆயிற்று என்பதைப் பிறர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

நேயர்களே, அவ்வாண்டு துன்பம் நம் ஊரோடு நின்றதன்று. அதே ஆகஸ்டு 9-ஆம் நாள், இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை மதகு 26 ஆண்டுகளுக்குப்பின் திறக்கப்பட்டது. மறுநாள் ஐந்து மதகுகளும் திறக்கப்பட்டன. ஜூன் தொடக்கத்திலிருந்து ஆகஸ்டு 19 வரை கேரளத்தில் பெய்த மழை, வழக்கமான அளவைவிட 42 விழுக்காடு மிகுதி. நானூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மூணாற்றுப் பெரியவர்கள் இதைக் கண்டு 1924-ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தனர். கொல்லம் ஆண்டு 1099-இல் வந்தமையால் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று பெயர்பெற்ற அப்பெருவெள்ளம், மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை சுமந்து ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் பாதையையே அழித்துவிட்டது. அப்பாதை மீண்டும் போடப்படவேயில்லை. தண்டவாளத்தையே வாரிச்சென்ற நீருக்கு முன் நம் இருசக்கரம் எம்மாத்திரம்! இரயில்வேயில் ஊதியம் வாங்கும் நான் இதை முன்பே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே, நான் விழுந்து கற்றதை நீங்கள் விழாமல் கற்க வேண்டுகிறேன். அடித்தரை கண்ணுக்குத் தெரியாத நீரில் மிதித்துச் செல்லாதீர்கள். இறங்கி, ஒரு கோலால் முன்னே தட்டிப் பார்த்துத் தெருவின் நடுவாகத் தள்ளிச் செல்லுங்கள். சாக்கடைகள் ஓரத்தில்தான் இருக்கும். நீர் ஓடுமானால் தள்ளிச் செல்வதும் வேண்டா. அரையடி ஆழமே ஆயினும் விரைந்தோடும் நீர் ஆளைச் சாய்த்துவிடும். மின்கம்பி அறுந்து கிடக்குமோ என்ற ஐயம் எழுந்தால் அப்பக்கமே போகலாகாது. நனைந்த பிரேக் கட்டை உடனே பிடிக்காது என்பதால், நீரைவிட்டு ஏறியபின் மெல்ல ஓட்டி, பலமுறை பிடித்து விடுங்கள். காலில் புண்ணிருப்பின் வெள்ளநீரில் இறங்காதிருப்பதே நன்று. 2018-இல் நீர் வடிந்தபின் எலிக்காய்ச்சல் பலரைத் தாக்கியது. அரசினர் ஊரெங்கும் தடுப்பு மாத்திரை வழங்கினர். இறங்கியே தீரவேண்டியிருந்தால், சுகாதார நிலையத்தில் கேட்டு மாத்திரை உட்கொள்ளத் தவறாதீர்கள்.

வண்டியைவிட்டு இறங்குவதை இழிவென்று எண்ணும் இளைஞர் நம் வீடுகளில் உண்டு. நானும் அப்படி எண்ணியவனே. இறங்கிச் சென்றவர்தான் அன்று என்னைக் காத்தார். அதற்கு அவர் கொடுத்த விலை ஒரு கூடைப் பூவன்று, நான்கு திங்கள் உழைப்பு. இன்றும் காலையில் அவருடைய மணியோசை தெருவில் கேட்கும்போதெல்லாம் என் வீட்டார் ஒரு முழம் கூடுதலாகவே வாங்குகின்றனர். அவரும் ஒரு முழம் கூடுதலாகவே அளந்து கொடுத்துவிடுகிறார். ஆகையால் என் கடன் குறைந்தபாடில்லை.

அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.