கூரையில்லா அரங்கு

நமது கல்லூரிக் கலையரங்கம் பெயரளவில்தான் கலையரங்கம். ஆண்டு முழுவதும் அது தேர்வுக்கூடம். விழா நாளில் மேசைகளை ஒதுக்கித் திரை கட்டுகிறோம். பேசும் வசனம் மூன்றாம் வரிசையைத் தாண்டுவதில்லை. ஒலிபெருக்கியைக் கூட்டினாலோ, சுவர்கள் நம்மோடு சேர்ந்து வசனம் பேசுகின்றன!

பெரிய கட்டடம் வந்தால்தான் நாடகம் வளரும் என்று நண்பர் பலர் கூறுகின்றனர். நான் அதை ஏற்கவில்லை. இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அங்குள்ள திறந்தவெளி அரங்கை மாணவர்கள் ‘வள’ என்றழைப்பர். சிங்களத்தில் பள்ளம் என்பது அதன் பொருள். சரிவே இருக்கை, வானமே கூரை. 1961இல் சரச்சந்திரரின் ‘சிங்கபாகு’ அரங்கேறியது அந்தப் பள்ளத்தில்தான். இன்று அவ்வரங்கு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பிடிக்காத நாடகத்தைக் கூச்சலிட்டே விரட்டும் மாணவர் கூட்டம் என்று நடிகர்கள் அஞ்சும் இடமும் அதுவே. அப்படி அஞ்ச வைக்கும் ரசிகர்கள் நமக்கு வாய்க்கவில்லையே!

இதில் நமக்கும் உறவுண்டு. சரச்சந்திரர் 1956இல் ‘மனமே’ நாடகத்திற்கு வடிவம் எடுத்தது ‘நாடகம’ என்னும் ஆட்ட மரபிலிருந்து. அதன் வேர் தமிழ்க் கூத்து. அந்நாடகத்தின் வெற்றி அங்கிருந்த தமிழறிஞர் சு. வித்தியானந்தனையும் தூண்டியது. 1960களில் அவர் மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளைத் தயாரித்தார். விடிய விடிய ஆடியதைச் சுருக்கிப் படித்தவர் முன் நிறுத்தியது பெரும்பணி. ஆயினும், வட்டக்களரியில் சுற்றிச் சுற்றி ஆடிய கூத்தை ஒருபக்கம் மட்டும் திறந்த மேடைக்கு ஏற்றியதில் எனக்குச் சிறு வருத்தமே. மண்ணில் ஆடப் பிறந்த கலை அன்றோ அது?

மழை வந்தால் என் செய்வது என்று கேட்பீர்கள். பேராதனையில் நம்மூரைவிட அதிகம் மழை பெய்கிறது. நமக்கோ ஆண்டுவிழா வருவது மாசி, பங்குனியில்.

விளையாட்டுத் திடலின் மேற்கே, வேப்பமரங்களுக்குக் கீழ், ஒரு சரிவு வீணே கிடக்கிறது. அதில் பத்துப் படிகள் வெட்டி, கீழே மண்ணைச் சமன் செய்தால் போதும். பொதுப்பணித் துறையின் மதிப்பீட்டிற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமை இவ்வாண்டு அங்கேயே நடத்தலாம். முதல்வர் அவர்கள் இசைவு தந்தால், மண்வெட்டி பிடிக்க எங்கள் வகுப்பு மாணவர்கள் ஆயத்தமாக உள்ளனர்.