முன்னே நடப்பவன்

ஆலங்குளத்தில் எங்கள் தெருவில் நின்று மேற்கே நோக்கினால், மழை ஓய்ந்த மாலைகளில், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அப்பால் மலைத்தொடர் நீலமாகத் தெரியும். அந்த மலையில் ஏறி இறங்கிய கல்லூரி மாணவன் ஒருவன் சென்ற மாதம் ஒரு விண்ணப்பப் படிவத்தோடு என்னிடம் வந்தான். தலைமைப் பயிற்சிக்கு மனுச் செய்கிறானாம். தமிழைத் திருத்தித் தர வேண்டுமாம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில், வனத்துறை அனுமதியோடு, நாற்பது பேரைச் செண்பகத்தோப்பிலிருந்து காட்டழகர் கோயிலுக்கு நடத்திச் சென்றதையும், எல்லாருக்கும் முன்னதாகத் தானே மேலே போய்ச் சேர்ந்ததையும், இனியும் தலைவனாக வளர வேண்டும் என்ற தன் ஆசையையும் அழகாகவே எழுதியிருந்தான். "கடைசியாக வந்து சேர்ந்தது யார், தம்பி?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "கவனிக்கலையே சார்" என்றான்.

அவனைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. முன்னே நடப்பவனே தலைவன் என்ற அபிப்பிராயத்தை அவனுக்குப் புகட்டியவர்கள் நாம். முதல் மதிப்பெண் பெற்றவனை வகுப்புத் தலைவனாக்கியதும், உரத்த குரலுடையவன் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்ததும், ஊர்வலத்தின் முதல் வரிசையையே புகைப்படம் எடுத்துச் சுவரில் மாட்டியதும் நாம்தாமே? காந்தி நூற்றாண்டான 1969இல் தோன்றிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் கொள்கை மொழியோ, 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது. அதைச் சட்டையில் குத்திக்கொண்டு மலையேறிய பிள்ளை, 'நானே முதலில் ஏறினேன்' என்று எழுதுகிறான் என்றால், பிழை அவனுடையதன்று. முன்னே நடப்பவனே தலைவன் என்ற இந்த நம்பிக்கை தவறு மாத்திரம் அல்ல, அபாயகரமானது என்றே நான் சொல்லுவேன்.

வேகமாக நடப்பது தேக பலம்; அதற்கும் தலைமைக்கும் சம்பந்தமில்லை. நாற்பது பேர் மலையேறுகையில் அந்தக் கூட்டத்தின் வேகம் என்பது அதில் மிக மெதுவாக நடப்பவருடைய வேகமே ஆகும். அவருக்கு மூச்சு வாங்குகிறதா, குப்பியில் தண்ணீர் மிச்சமிருக்கிறதா, நான்கு மணிக்குள் அடிவாரம் திரும்ப முடியுமா என்பதையெல்லாம் அறிய வேண்டியவன், இரண்டு வளைவுகளுக்கு அப்பால் உச்சியில் நின்று காற்று வாங்கிக்கொண்டிருந்தால், அவன் எத்தனை சமர்த்தனாயினும் அந்த நேரத்தில் அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் இல்லை. எங்கள் ஊர்ச் சிமெண்ட் ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். வெடி வைக்கும் பொறுப்புடையவன் முதலில் ஓடுகிறவன் அல்லன். எல்லாரும் விலகினார்களா என்று பார்த்த பிறகே விலகுகிறவன்.

1953ஆம் ஆண்டு எவரெஸ்ட் சிகரம் வெல்லப்பட்டபோது, டென்சிங், ஹில்லாரி இருவரில் முதலில் கால் வைத்தவர் யார் என்று உலகமே சண்டையிட்டது. அந்தக் குழுவின் தலைவர் யார் என்று கேட்டால் இன்று எத்தனை பேர் ஜான் ஹண்ட் என்று விடை கூறுவார்கள்? அவர் சிகரத்தை மிதிக்கவேயில்லை. மே 26ஆம் தேதி, டா நம்கியால் என்ற ஷெர்பாவோடு, கூடாரமும் உணவும் பிராணவாயுவும் அடங்கிய சுமையை ஏறத்தாழ 27,350 அடி உயரம்வரை தாமே தூக்கிச் சென்று வைத்துவிட்டுத் தள்ளாடியபடி இறங்கினார். அதே நாளில் அவருடைய முதல் ஜோடியான எவான்ஸும் பூர்டில்லனும், சிகரத்துக்குச் சுமார் 300 அடியே எஞ்சியிருந்த நிலையில், பிராணவாயுக் கருவியின் கோளாற்றையும் கடந்துவிட்ட நேரத்தையும் எண்ணிப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். மூன்று நாட்களுக்குப் பின் மேலே சென்ற இருவருக்கு ஹண்ட் வைத்துவிட்டு வந்த சுமையும் உதவியது. அந்த 300 அடியை ஏறாமல் விட்டதற்கு வேண்டியிருந்த மனோதிடத்தை நம் கல்லூரிகளில் எந்தச் சான்றிதழ் மெச்சுகிறது?

அவ்வளவு தூரம் போவானேன்? செண்பகத்தோப்பு, தாணிப்பாறை அடிவாரங்களில் வாழும் பளியர் என்ற பழங்குடியினர் நமக்கு அண்டை வீட்டார். 1960களில் பளியரிடையே தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், ஒருவரை ஒருவர் ஏவுவதும் அடக்குவதும் அவர்களுக்குள் மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டதையும், அதிகாரம் செலுத்தும் தலைவர் என்று எவரும் அவர்களிடையே இல்லாதிருந்ததையும் விரிவாக எழுதியிருக்கிறார். தேனெடுக்கப் பாறையில் இறங்குகிற மலைவாசியின் உயிர் மேலே கயிறு பிடித்திருப்பவன் கையில் இருக்கிறது. இறங்குகிறவனையே எல்லாரும் பார்ப்பார்கள், பிடித்திருப்பவனை ஒருவரும் பாரார்.

ஆபத்து வேளையில் ஒருவன் கட்டளையிட்டுத்தானே ஆக வேண்டும் என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கட்டளைக்குப் பிறர் கீழ்ப்படிவது, காலையிலிருந்து அவன் தங்களைக் கவனித்து வந்திருக்கிறான் என்ற நம்பிக்கையினால் அல்லவா? அன்றியும், மிக முக்கியமான கட்டளை ஆபத்து வருமுன் இடப்படுவது. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் சதுரகிரி மலைக் கோயிலுக்குச் சென்ற யாத்திரிகர்களைத் திடீர் வெள்ளம் அடித்துச் சென்றது. மேல்மலையில் மழை கொட்டுவது அடிவாரத்து வெயிலில் நிற்பவனுக்குத் தெரியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணியில் காய்ந்த புல்வெளியில் பரவிய தீ மலையேறச் சென்ற இருபதுக்கு மேற்பட்டோரை, பெரும்பாலும் இளைஞர்களை, பலிகொண்டது. மாண்டவர்மேல் பழி சுமத்த இதைச் சொல்லவில்லை. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். நான் கேட்பது உயிரோடிருக்கும் நம்மை: கோடையில் புல் காய்ந்திருக்கிறது, இன்று ஏற வேண்டாம் என்று ஒரு மாணவன் சொன்னால், அவனைத் தலைவன் என்போமா, கோழை என்போமா?

இவற்றையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் அன்று நான் சொல்லவில்லை. கடைசியாக வந்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டு வா என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். நான்கு நாள் கழித்து வந்தான். முதலாண்டு மாணவி ஒருத்தி, செருப்பு வார் அறுந்து, வெறுங்காலோடு பாதி வழி நடந்திருக்கிறாள். வழிகாட்டியாக வந்த பளியர் பெரியவர் அவளுக்காக இரண்டு முறை கீழே இறங்கிப்போய், தம் செருப்பைக் கழற்றிக் கொடுத்து, பக்கத்திலேயே நடந்து வந்திருக்கிறார். அவர் பெயர் என்ன என்று நான் கேட்குமுன்பே, "அவர் பேரைக் கேட்க இன்னைக்குச் செண்பகத்தோப்புக்குப் போயிட்டு வந்தேன் சார்" என்றான். படிவத்தில் 'முதலில் ஏறினேன்' என்ற வரியை அடித்திருந்தான். அந்த இடத்தில் இன்னும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.