கார்ல நேவிகேஷனுக்குன்னு தனியா பணம் கட்டணுமா? தாம்பரம் பக்கத்து கணக்கு



புது கார் வாங்கப் போறவங்க கொட்டேஷன் பேப்பரை அனுப்பி, "இது சரியா இருக்கா, பார்த்துச் சொல்லுங்க"ன்னு கேக்குறது நம்ம சேனல்ல வழக்கம்தான். அந்தப் பேப்பர்கள்ல இப்போ அடிக்கடி கண்ணுல படுற ஒரு வரி, நேவிகேஷன். "இதுல நேவிகேஷன் வருது சார்"னு சொல்லி நடு வேரியண்ட்ல இருந்து டாப் வேரியண்ட்டுக்கு ஏத்தி விடுறாங்க. அது இல்லேன்னா ஆக்சஸரீஸ் லிஸ்ட்ல "டச் ஸ்கிரீன் வித் ஜிபிஎஸ்"னு இருபத்தஞ்சாயிரம் ரூபாய் சத்தமில்லாம உட்கார்ந்திருக்கு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், வண்டலூர் பக்கம் குடியிருந்துக்கிட்டு, வாரத்துல அஞ்சு நாள் ஆபீஸ், மாசத்துல ஒரு தடவை சொந்த ஊர்னு கார் ஓட்டுற குடும்பத்துக்கு, வழி காட்டுறதுக்காக மட்டும் தனியா பணம் கட்டத் தேவையே இல்லை. பாக்கெட்ல இருக்குற போன் போதும். இன்னும் சொல்லப்போனா, நம்ம பக்கத்து ரோடுகளுக்கு அந்தப் பொட்டியை விட போன்தான் நல்லா வழி காட்டும். நிஜமான காசு போறது வேற இடத்துல. மேப் சொல்றதை எவ்வளவு தூரம் நம்பி ஸ்டியரிங்கைத் திருப்புறோம்ங்கறதுல.

அதுக்கு முன்னாடி ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். ஆக்சஸரீஸ் கடையில போய் "ஜிபிஎஸ் வேணும்"னு மட்டும் கேட்டா, உங்களுக்கு டிராக்கரை எடுத்துக் காட்ட நிறைய வாய்ப்பு இருக்கு. வண்டி எங்க நிக்குதுன்னு உங்க போனுக்குத் தகவல் அனுப்புற சின்ன கருவி அது. உள்ள சிம் இருக்கும், வருஷா வருஷம் சந்தா கட்டணும். டிராவல்ஸ் நடத்துறவங்களுக்கும், டிரைவர் வச்சு ஓட்டுறவங்களுக்கும் உபயோகமான சாமான்தான். ஆனா அது உங்களுக்கு வழி சொல்லாது. இன்னொண்ணு, "இனி டோல் எல்லாம் சேட்டிலைட் மூலமா எடுப்பாங்க, ஜிபிஎஸ் கருவி கட்டாயம், 2025 மே 1 முதல் அமல்"னு வாட்ஸ்அப்ல ஒரு செய்தி சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? அப்படி எந்த முடிவும் எடுக்கலைன்னு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே அந்த ஏப்ரல்ல விளக்கம் கொடுத்தது. அதைச் சொல்லி யாராவது கருவி விற்க வந்தா வாங்காதீங்க.

சேட்டிலைட்டுக்கு யாரும் காசு வாங்குறதில்லை

ஜிபிஎஸ் அமெரிக்க அரசாங்கத்தோட ஏற்பாடு. பொதுமக்களுக்கு வர்ற சிக்னலோட துல்லியத்தை ஒரு காலத்துல வேணும்னே குறைச்சு வச்சிருந்தாங்க. 2000-ம் வருஷம் மே மாசம் அதை நிறுத்தினாங்க. கார்ல வழி காட்டுற பிசினஸ் சூடு பிடிச்சதே அதுக்கப்புறம்தான். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற அந்த சேட்டிலைட்டுகள்ல இருந்து வர்ற சிக்னல் உங்க போனுக்கும் அதேதான், டாப் வேரியண்ட் ஸ்கிரீனுக்கும் அதேதான். அதை வாங்க டேட்டாவும் வேண்டாம், சிம்மும் வேண்டாம்.

அப்போ நீங்க கொடுக்குற பணம் எதுக்கு? ஸ்கிரீனுக்கும், உள்ள இருக்குற மேப்புக்கும். ஸ்கிரீன் பழசாகலாம், பரவாயில்லை. மேப் பழசாகுறதுதான் நம்ம பக்கம் பெரிய பிரச்சினை.

2020-ல ஒருத்தர் மேப்போட கூடிய ஒரு கருவி வாங்கி அப்டேட் பண்ணாம வச்சிருக்கார்னு வச்சுக்குவோம். அந்தக் கருவிக்கு ஊருக்குப் போற பஸ் ஸ்டாண்டுன்னா கோயம்பேடுதான். கிளாம்பாக்கம் திறந்தது 2023 டிசம்பர் 30. பெருங்குடி உள்பட ஓஎம்ஆர் பக்கத்து டோல்கள் 2021 ஆகஸ்ட் கடைசியில போச்சு, நாவலூர் டோல் 2023 அக்டோபர்ல போச்சு. "டோல் இல்லாத வழி"ன்னு கேட்டா, இல்லாத டோலுக்குப் பயந்து உங்களைச் சுத்தவிடும் அந்தக் கருவி. புது மேம்பாலம், மாத்திவிட்ட யூ-டர்ன், ஒருவழியான தெரு எதுவும் அதுக்குத் தெரியாது. போன்ல இது தானாவே புதுசாகும். கார் போகமுடியாத குறுகலான தெருக்களைத் தவிர்க்குற வசதியை கூகுள் மேப்ஸ் 2024 ஜூலைல முதல்ல எட்டு ஊர்களுக்குக் கொண்டு வந்தப்போ அதுல சென்னையும் இருந்துச்சு. மேம்பாலத்துல ஏறணுமா, கீழயே போகணுமான்னு சொல்ற வசதியும் அப்போதான் வந்தது. யாரும் பத்து பைசா கட்டலை.

டிராஃபிக் தகவலும் அப்படித்தான். பல்லாவரத்துல நெரிசல்னு மேப்புக்குத் தெரியுறது, அங்க மாட்டிக்கிட்டு நிக்குறவங்க போன் மெதுவா நகர்றதால. நெட் தொடர்பு இல்லாத கருவிக்கு அது தெரிய வழியே கிடையாது.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நம்ம நாட்டுல பல கார் கம்பெனிகளோட உள்கட்டமைப்பு நேவிகேஷன்ல இருக்குற மேப்பைக் கொடுக்குறது மேப்மைஇந்தியா. அதே கம்பெனியோட மேப்பிள்ஸ் ஆப் உங்க போன்ல இலவசம். அதாவது ஷோரூம்ல காசு கட்டி வாங்குற மேப், ஆப் ஸ்டோர்ல சும்மா கிடைக்குது. (2021 டிசம்பர்ல ஐபிஓ வந்த கம்பெனிதான். ஷேர் வாங்கலாமான்னு இங்க கேக்காதீங்க, அது வேற வீடியோ.)

வேரியண்ட் ஏத்தினா என்ன ஆகும்?

இருபத்தஞ்சாயிரம் ரூபாய் டச் ஸ்கிரீனை கார் லோன்லயே சேர்த்துடுறாங்கன்னு வைங்க. 9% வட்டி, 7 வருஷம். மாசம் 402 ரூபாய்தான் கூடுது, யாருக்கும் உறைக்காது. 84 மாசம் கட்டி முடிக்கும்போது 33,800 ரூபாய் ஆகியிருக்கும். வட்டி மட்டும் 8,800. ஏழாவது வருஷம் அந்த ஸ்கிரீன் எந்த நிலைமையில இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

வேரியண்ட் விஷயம் இதை விட மோசம். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல கார்களுக்கான ஆயுள்கால வரி மாறிச்சு. 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும் 13%, 10 லட்சத்தைத் தாண்டினா 20 லட்சம் வரைக்கும் 18%. இப்போ 9.6 லட்ச ரூபாய் வேரியண்ட்டுக்கு வரி 1,24,800. ஒரு லட்சம் கூடுதலா போட்டு 10.6 லட்ச வேரியண்ட்டுக்குப் போனா வரி 1,90,800. ஒரு லட்சம்தானேன்னு ஏறினீங்க, வரியில மட்டும் 66,000 கூடிடுச்சு. சேல்ஸ்மேன் இதைத் தானா சொல்ல மாட்டார், ஆன்ரோடு விலையோட அடிவரியில தேடிப் பாருங்க. ஏர்பேக், பிரேக் மாதிரி பாதுகாப்பு விஷயத்துக்காக மேல ஏறினா நான் குறுக்க நிக்க மாட்டேன். மேப்புக்காக ஏறாதீங்க.

நடு வேரியண்ட்ல ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது ஆப்பிள் கார்ப்ளே இருந்தாலே விஷயம் முடிஞ்சது. போன் மேப் கார் ஸ்கிரீன்ல வந்துடும். அதுவும் இல்லாத கார்னா ஒரு நல்ல போன் ஹோல்டர், 12 வோல்ட் சாக்கெட்ல சொருகுற வேகமான சார்ஜர், ரெண்டும் சேர்த்து ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்குள்ள முடியும். ஹோல்டர் ஏசி வென்ட்ல மாட்டுற மாதிரி வாங்குங்க. நம்ம ஊர் மே மாச வெயில்ல டேஷ்போர்டு மேல போனை வச்சா சூடேறி ஸ்கிரீன் மங்கிப்போகும், கண்ணாடியில ஒட்டுற ரகம் பாதி வழியில கழண்டு விழும். பழைய கார்ல இருக்குற யூஎஸ்பி போர்ட்டை நம்பாதீங்க. மேப் ஓடும்போது சார்ஜ் ஏறுறதை விட இறங்குறது வேகமா இருக்கும்.

ஹோல்டர் ஏன் முக்கியம்னா, சட்டமும் அதைத்தான் எதிர்பார்க்குது. 2020 அக்டோபர் 1-ல இருந்து மத்திய மோட்டார் வாகன விதிகள்படி, ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்க்குறதுக்கு மட்டும்தான், அதுவும் கவனம் சிதறாத வகையிலதான் உபயோகிக்கலாம். கையில பிடிச்சு ஓட்டினா தமிழ்நாட்டுல முதல் தடவை 1,000 ரூபாய், திரும்ப மாட்டினா 10,000. இடத்தைக் கிளம்புறதுக்கு முன்னாடி போடுங்க, தமிழ்க் குரலை ஆன் பண்ணுங்க, அப்புறம் போனைத் தொடாதீங்க.

சரி, பொட்டியே வேண்டாமான்னா, ரெண்டு பேருக்கு மட்டும் என் பதில் வேற. சின்ன ஸ்கிரீன்ல எழுத்து தெரியலைன்னு சிரமப்படுற பெரியவங்க, பழைய கார்ல எட்டு, பத்தாயிரத்துக்குள்ள ஒரு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போட்டுக்கலாம். ஒயரை வெட்டாம கப்ளர் மூலமா மாட்டச் சொல்லுங்க, வாரண்டி பிரச்சினை வராது. பாலிசியிலயும் அதை எலக்ட்ரிகல் ஆக்சஸரின்னு சேர்க்கச் சொல்லுங்க, சொல்லலைன்னா திருடு போனா க்ளெய்ம் கிடைக்காது. இன்னொருத்தர், நாள் முழுக்க கால் டாக்ஸி ஓட்டுறவர். அவருக்கு அது தொழில் செலவு. மலைப் பக்கம் சிக்னல் கிடைக்காதேன்னு பயப்படுறவங்களுக்கு கருவி தேவையில்லை. அந்தப் பகுதி மேப்பை வீட்டு வைஃபைல டவுன்லோட் பண்ணிக்கிட்டா நெட் இல்லாமலே ஓடும்.

மேப் கணக்கு வேற, உங்க கணக்கு வேற

மேப்புக்கு முக்கியம் நேரம். நாலு நிமிஷம் மிச்சம்னா அது வழியை மாத்தும். அந்த நாலு நிமிஷத்துக்கு நீங்க என்ன விலை கொடுக்குறீங்கன்னு அது பார்க்காது.

டோலையே எடுத்துக்கோங்க. தாம்பரத்துல இருந்து புழல் தாண்டிப் போகணும். சென்னை பைபாஸ் ஒரு வழி, வண்டலூர்–மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோடு இன்னொரு வழி. 2025 ஆகஸ்ட் 15-ல வந்த ஃபாஸ்டேக் வருஷ பாஸ் (அப்போ 3,000 ரூபாய், 200 தடவை, அதாவது ஒரு தடவைக்கு 15 ரூபாய்) வச்சிருக்கறவங்களுக்கு பைபாஸ் டோல்கள் அதுலயே அடங்கிடும், அது தேசிய நெடுஞ்சாலை. அவுட்டர் ரிங் ரோடு மாநில அரசோடது. அங்க பாஸ் செல்லாது, ஃபாஸ்டேக் பேலன்ஸ்ல இருந்து தனியா போகும். ஈசிஆர் உத்தண்டி டோலும் அப்படித்தான். பரனூர், ஆத்தூர் வழியா ஊருக்குப் போறப்போ பாஸ் செல்லும். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போறவங்களுக்கு பாஸே நஷ்டம், அதையும் கணக்குப் போட்டுப் பாருங்க.

இரும்புலியூர் பக்கம் ஒரு எச்சரிக்கை. ஜிஎஸ்டி ரோடு, சர்வீஸ் ரோடு, பைபாஸுக்கு ஏறுற வழி எல்லாம் பக்கத்து பக்கத்துல. ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளித்தான் காட்டும், நீங்க எந்த ரோட்டுல இருக்கீங்கன்னு அதுக்கே சந்தேகம். இந்த மாதிரி இடத்துல போனை விட மேல தொங்குற பச்சை போர்டை நம்புங்க. மேப்பிள்ஸ்ல மேம்பாலச் சந்திப்பைப் படமா காட்டுற வசதி இருக்கு, அது இங்க உதவும்.

அடுத்தது சந்து வழி. வேளச்சேரி மெயின் ரோட்டுல நெரிசல்னா சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் உள்தெருக்களுக்குள்ள மேப் உங்களைத் திருப்பும். அங்க மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிப் போட்டிருப்பாங்க, ரெண்டு பக்கமும் கார் நிக்கும். பம்பர் உரசினா க்ளெய்ம் போடுவீங்க. ஒரு க்ளெய்ம் போட்டாலே நோ க்ளெய்ம் போனஸ் போச்சு. அஞ்சு வருஷம் க்ளெய்ம் இல்லாம 50% தள்ளுபடி சேர்த்து வச்சிருந்தவர் பூஜ்ஜியத்துக்கு வந்துடுவார். நாலு நிமிஷத்துக்கு இது அநியாய விலை. 2024 ஜனவரில கூடலூர்ல ஒரு எஸ்யூவி, மேப் காட்டின வேகமான வழின்னு போய், படிக்கட்டுல இறங்கி நின்ன செய்தியைப் பார்த்திருப்பீங்க. அதே வருஷம் நவம்பர்ல உத்தரப்பிரதேசத்துல பரேலி பக்கம், பாதி இல்லாத பாலத்துல கார் ஏறி ஆத்துல விழுந்து மூணு பேர் செத்துப்போனாங்க. மேப்ல அந்தப் பாலம் முழுசா இருந்துச்சுன்னு சொன்னாங்க. தெரியாத ஊர்ல ராத்திரி நேரத்துல எதிர்ல ஒரு வண்டி கூட வரலைன்னா, நிறுத்தி ஒரு ஆளைக் கேளுங்க.

கடைசியா மழை. இந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு இதுதான் பெரிய செலவு. முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரின்னு பேர் சொன்னாலே போதும், 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் ஞாபகம் வரும். 2024 அக்டோபர்ல மழை வர்றதுக்கு முன்னாடியே வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா காரை நிறுத்தி வச்சாங்க இல்லையா, அவங்க கணக்குத் தெரிஞ்சவங்க. தண்ணி நிக்குற சுரங்கப்பாதையில வண்டியே போகாது. வண்டி போகாத ரோடு மேப்புக்கு நெரிசல் இல்லாத ரோடாத் தெரியலாம். அதை நம்பி இறங்கி, இன்ஜின் நின்னு, பதட்டத்துல திரும்ப ஸ்டார்ட் பண்ணா தண்ணி உள்ள போய் இன்ஜினே உடையும். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசில இந்த இன்ஜின் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் வராது. இன்ஜின் ப்ரொடெக்ட்ங்கற ஆட்-ஆன் தனியா எடுத்திருக்கணும், அதையும் பெரும்பாலும் ரினியூவல் நேரத்துல மட்டும்தான் சேர்க்க முடியும். நேவிகேஷனுக்குப் போட நினைச்ச பணத்துல ஒரு சின்ன பகுதியை இங்க போடுங்க. இன்னைக்கே பாலிசியை எடுத்து ஆட்-ஆன் பட்டியல்ல அந்தப் பேர் இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா, உங்க ரினியூவல் தேதி அக்டோபருக்கு முன்னாடியா பின்னாடியான்னும் பார்த்துக்கோங்க.