எண்ணூரின் ஆண்டுக் கணக்கும் ஏர் பிடிப்பவனின் செலவும்

ஒரு நாட்டின் பொருள் நிலையை அறிய நிதி மந்திரியின் வரவு செலவுத் திட்ட உரையைச் செவிமடுப்போர் உளர். நாமும் செவிமடுப்பதுண்டு, சட்டத் தொழில் செய்வோர்க்கு அதுவும் ஒரு கடமை. ஆயினும் அவ்வுரையிலும் பார்க்க நம்பத்தகுந்த சாட்சியம் ஒன்றிருக்கிறது. அந்நாட்டில் ஓராண்டில் எத்தனை லொறிகளும் பஸ் வண்டிகளும் விலைப்பட்டன என்ற கணக்கே அது. மோட்டார்க் காரை மனிதன் ஆசைக்காக வாங்குவான். அயலவன் வாங்கினான் என்பதற்காகவும் வாங்குவான். லொறியை எவனும் ஆசைக்காக வாங்குவதில்லை. ஏற்றுவதற்குச் சரக்கு உண்டா, சரக்குக்குக் கூலி உண்டா, கூலியில் கடன் தவணைக்குப் போக வீட்டுக்கு ஏதேனும் மிஞ்சுமா என்று இரவு விழித்திருந்து கணக்குப் பார்த்த பின்னரே வாங்குவான். ஆதலின் லொறிக் கணக்கில் வாய்ச்சாலத்துக்கு இடம் இல்லை.

இந்த நோக்குடன் சென்னைக்கு அண்மையில் உள்ள எண்ணூரிற் பிறந்த அசோக் லேலண்ட் கம்பனியின் ஆண்டுக் கணக்குகளை எடுத்துக்கொள்வோம். நம் வீதிகளில் அதன் பெயர் பொறித்த வண்டிகள் ஓடுகின்றன. நம் உழவன் ஏற்றும் வெங்காயத்துக்கும் நெல்லுக்கும் கொடுக்கும் லொறிக் கூலியில் அக்கம்பனி இட்ட விலையின் நிழல் விழுகிறது. ஆகவே அந்தக் கணக்கு நமக்கு அந்நியமானதன்று.

1948ஆம் ஆண்டு செப்டெம்பரில் ரகுநந்தன் சரண் என்பார் தம் மகனின் பெயரால் அசோக் மோட்டார்ஸ் என்ற கம்பனியைத் தொடங்கினார். முதலில் அங்கே பூட்டப்பட்டவை ஆங்கில நாட்டு ஒஸ்டின் கார்களே. பின்னர் இங்கிலாந்தின் லேலண்ட் மோட்டார்ஸ் பங்கு முதல் இட்டது. 1955இல் அசோக் லேலண்ட் என்ற பெயர் வழங்கலாயிற்று. இதிலே ஒரு விந்தை உண்டு. பெயர் கொடுத்த தாய்க் கம்பனி பல கம்பனிகளுடன் கலந்து, வீங்கி, நொடிந்து, 1975இல் பிரித்தானிய அரசாங்கத்தின் கையில் விழுந்தது. பின்பு துண்டு துண்டாகப் பிரிந்து போயிற்று. எண்ணூரில் வளர்ந்த சேயோ 1987இல் ஹிந்துஜா குடும்பத்தாரின் கைக்கு மாறி இன்றும் வாழ்கிறது. அதோடு நில்லாமல், பழைய லேலண்டின் லீட்ஸ் நகரத் தொழிற்சாலை ஒன்றின் வழி வந்த ஒப்டேர் என்ற பஸ் கம்பனியிலே 2010இல் பங்கு வாங்கி, பின்னர் அதனைத் தன் உடைமையுமாக்கிக் கொண்டது. வெள்ளைக்காரனிடம் தொழில் கற்றவன் வெள்ளைக்காரனின் பட்டறையையே விலைக்கு வாங்கினான். அந்தப் பஸ் கொள்வனவு இலாபம் தந்ததா என்பது வேறு கதை. இலாபம் தரவில்லை என்பதே பெரும்பாலும் விடை.

இனி எண்களுக்கு வருவோம்.

2019 மார்ச் மாதத்தோடு முடிந்த நிதியாண்டில் இக்கம்பனி 197,366 வண்டிகளை விற்றது. அதற்கு முன் எந்த ஆண்டிலும் அத்தனை விற்றதில்லை. வருமானம் ஏறத்தாழ 29,055 கோடி இந்திய ரூபா. இலாபம் 1,983 கோடி. அடுத்த ஆண்டிலே விற்பனை ஏறத்தாழ 1 இலட்சத்து 25 ஆயிரமாகச் சரிந்தது. அதற்கும் அடுத்த ஆண்டிலே, அதாவது 2020-21இல், 1 இலட்சத்தை ஒட்டி நின்றது. கம்பனி 300 கோடிக்கு மேல் நட்டம் காட்டிற்று. இரண்டே ஆண்டுகளில் விற்பனை பாதியாயிற்று.

கொரோனாத் தொற்றே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுவர். அது அரை உண்மை. இந்தியாவில் ஊரடங்கு வந்தது 2020 மார்ச் மாதக் கடைசி வாரத்திலே. வீழ்ச்சி அதற்குப் பல மாதம் முன்னரே தொடங்கிவிட்டது. 2019 செப்டெம்பரில், வண்டிகள் விற்காமல் தேங்கியமையால், எண்ணூர்த் தொழிற்சாலை 16 நாள் வேலையின்றிக் கிடந்தது. பந்த்நகர்த் தொழிற்சாலைக்கு 18 நாள். இது தொற்றின் வேலையா? இல்லை, பெரும்பகுதி பேனாவின் வேலை.

2018 ஜூலையிலே இந்திய அரசாங்கம் லொறி ஏற்றத்தக்க பாரத்தின் எல்லையை உயர்த்தியது. 2 அச்சு லொறி ஒன்றின் மொத்த நிறை 16.2 தொன்னிலிருந்து 18.5 தொன்னாகக் கூட்டப்பட்டது. ஓர் இரவுக்குள் நாட்டிலுள்ள பழைய லொறிகளுக்கெல்லாம் புதுப் பலம் வந்துவிட்டது. நூறு லொறி செய்த வேலையை எண்பது, தொண்ணூறு லொறி செய்யுமாயின் புதிய லொறியை யார் வாங்குவர்? 2017 ஜூலையில் வந்த பொருள் சேவை வரியினால் மாநில எல்லைச் சோதனைச் சாவடிகள் நீங்கியமையும் வண்டிகளின் பயண நாளைச் சுருக்கிற்று. இவை தீமையென்று நாம் சொல்லவரவில்லை. சாவடியிலே நாட்கணக்காகக் காத்துக் கிடந்த தக்காளிக்கு அது நன்மையே. அதன்மேல் 2018 கடைசியிலே ஒரு பெரிய கடன் நிறுவனம் நொடிந்து, லொறிக்குக் கடன் கொடுப்போர் கையை இறுக்கினர். அதற்கும் மேலே, 2020 ஏப்ரில் முதலாந் திகதி தொடக்கம் புகைக் கட்டுப்பாட்டின் புதிய விதிக்கு அமைந்த வண்டியே விற்கலாம் என்ற சட்டம். இத்தனைக்கும் பிறகு வந்தது தொற்று.

சட்டம் படித்தவர்கள் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அரசாங்கம் ஒரு விதியை மாற்றும்போது அதன் நன்மை சரக்கேற்றுவோர்க்குச் சென்றது. அதன் நோவு தொழிற்சாலை வாயிலில் நின்ற நாட்கூலிக்காரனுக்குச் சென்றது. ஒப்பந்தத் தொழிலாளி என்று பெயர் சூட்டப்பட்டவனுக்கு வேலையற்ற நாள் என்றால் அடுப்பெரியாத நாள். கம்பனியின் ஆண்டறிக்கையில் விற்பனை வீழ்ச்சிக்கு ஒரு வரி உண்டு, அவனுக்கு வரியில்லை.

பிறகு கம்பனி எழுந்தது. 2022-23இல் 192,205 வண்டிகள், அடுத்த ஆண்டில் 1 இலட்சத்து 94 ஆயிரத்துக்குச் சற்று மேல், 2024-25இல் 195,093. இம்மூன்று எண்களையும் வாசகர் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்க்கட்டும். விற்பனை அசையவில்லையென்றே சொல்லலாம். இப்பொழுது இலாபத்தைப் பாருங்கள்: 1,380 கோடி, 2,618 கோடி, 3,303 கோடி. வண்டிகளின் தொகை நூற்றுக்கு இரண்டு கூடுவதற்குள் இலாபம் இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது! 1 ரூபா முகப்பெறுமதியுள்ள பங்கு ஒன்றுக்கு 2020-21ஆம் ஆண்டுக்காக 60 சதம் கொடுத்த கம்பனி, 2024-25க்காக 6 ரூபா 25 சதம் பங்கிலாபம் கொடுத்தது. நிருவாகத்தினரைப் பங்குதாரர் புகழ்வது இயல்பு.

நமது கேள்வி வேறு. இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

ஒரு சிறு வகுத்தற் கணக்குச் செய்வோம். 2018-19இன் வருமானத்தை அவ்வாண்டு விற்ற வண்டிகளால் வகுத்தால் வண்டியொன்றுக்குச் சற்றேறக்குறைய 15 இலட்சம் இந்திய ரூபா. 2024-25இன் வருமானமாகிய 38,753 கோடியை அவ்வாறே வகுத்தால் 20 இலட்சத்தை ஒட்டி வரும். வருமானத்திலே உதிரிப்பாகமும், எஞ்சினும், படைக்கு விற்ற வண்டியும் அடங்கும். ஆகவே இதனை ஒரு வண்டியின் விலையென்று நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. ஆயினும் போக்கு எத்திசையிலென்று காட்ட இது போதும்.

கம்பனியின் பக்கத்தையும் கேட்பது நியாயம். புதிய புகை விதிக்கு அமைந்த எஞ்சினின் அடக்கவிலை அதிகம். இடைக்காலத்தில் உருக்கின் விலை ஏறிற்று. வாங்குவோரும் 2 அச்சு வண்டியை விட்டுப் பெரும்பாரம் இழுக்கும் வண்டிகளை நாடுகின்றனர். பெரிய வண்டிக்குப் பெரிய விலை. இவை மூன்றும் மெய். ஆனால், விற்பனையிலே தோஸ்த் போன்ற இலகு வண்டிகளின் பங்கு 2018-19ஐ விடப் பின்னாளிற் கூடியிருக்கிறது என்பதும் மெய். சிறிய வண்டி கூடியும் சராசரி குறையவில்லை. அடக்கவிலை ஏறியது மட்டுமே காரணமாயின் இலாபம் இப்படிக் கொழுத்திராது. கம்பனி விலைக் கழிவைக் குறைத்தது. சந்தையில் தன் பங்குக்காக எப்படியேனும் விற்பது என்ற பழக்கத்தைக் கைவிட்டது. இந்தியாவின் நடுத்தர, பாரவகை வண்டிச் சந்தையில் நூற்றுக்கு 30ஐ ஒட்டிய பங்கை அது வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் நிற்பது டாட்டா ஒன்றே. இருவர் பெரும்பகுதியைப் பங்கிட்டுக்கொள்ளும் சந்தையிலே விலையுத்தம் ஓய்ந்தால், யாருடைய பையில் கை போகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? நூறு லொறி வாங்கும் பெருமுதலாளி தனக்கு வேண்டிய கழிவைப் பேசி வாங்குவான். காணியை அடகு வைத்து ஒற்றை லொறி வாங்குபவன் கேட்ட விலையைக் கொடுப்பான்.

2025 செப்டெம்பர் 22ஆந் திகதி இந்திய அரசாங்கம் லொறி, பஸ் ஆகியவற்றின் மீதான வரியை நூற்றுக்கு 28இலிருந்து 18ஆகக் குறைத்தது. அடுத்து வந்த மாதங்களில் கம்பனியின் விற்பனை முந்திய ஆண்டின் அதே மாதங்களை விஞ்சியது. விலை இறங்கினால் வாங்குவோர் வருவர் என்பதற்கு இதனிலும் வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கைப் போக்குவரத்துச் சபை 1958 ஜனவரி முதலாந் திகதி தோன்றிய காலத்திலேயே லேலண்ட் என்ற பெயர் நம் மக்களுக்குப் பழக்கமானது. 1982இல் லங்கா அசோக் லேலண்ட் என்ற கம்பனி அமைந்தது. இந்தியக் கம்பனியோடு இலங்கை அரசாங்கமும், தனக்குச் சொந்தமான ஒரு கம்பனியின் வாயிலாக, அதிலே பெரும் பங்காளி. இந்தியா தந்த கடனிலே போக்குவரத்துச் சபைக்கு 500 பஸ் வண்டிகள் வாங்கும் திட்டத்தில் 2023ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கையளிக்கப்பட்டவையும் அசோக் லேலண்ட் வண்டிகளே. அவற்றிற் பல கிராமப்புறத்துச் சாலைகளுக்கென வந்தன, அதை வரவேற்கிறோம். ஆனால், விற்கும் கம்பனியிலே அரசாங்கம் பங்காளி. வாங்குவதும் அரசாங்கத்தின் சபை. கடனைத் திருப்பிக் கட்டுவது வரி செலுத்தும் குடிமகன். இத்தகைய கொடுக்கல் வாங்கலில் வண்டியொன்றின் விலை, உதிரிப்பாக ஒப்பந்தம், திருத்த உத்தரவாதம் ஆகியன சட்டசபையின் மேசையில் வைக்கப்படுதல் வேண்டுமென்று கேட்பது எவர் மீதும் குற்றஞ் சாட்டுவதாகாது. தர்மகர்த்தாவிடம் கணக்குக் கேட்பதைப் போன்றதே அது.

உழவனுக்கு நேர்ந்தது இதனிலும் கடுமை. 2020 மார்ச்சில் நம் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. ஐந்தாண்டுக்கு அணித்தாக நின்ற கட்டுப்பாடு 2025 பெப்ரவரியிலேதான் பெரும்பாலும் தளர்ந்தது. இடையில், 2022இலே, சில வாரங்களுக்குள் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை சென்றது. மேலே நாம் செய்த வகுத்தற் கணக்கை இலங்கை ரூபாவில் மாற்றிப் பாருங்கள். 2018-19இலே சராசரி வண்டிக்கு 35 இலட்சத்தை ஒட்டி வந்தது, 2025ஆம் ஆண்டின் நாணய மாற்றில் 70 இலட்சத்தை ஒட்டி வரும். நம் நாட்டு வரிகள் இதிற் சேரவில்லை. எண்ணூரிலே விலை மூன்றிலொரு பங்கு ஏறிற்று. கடலைத் தாண்டியதும் இரட்டிப்பாயிற்று. நம் வெங்காயத்தின் விலை இரட்டித்து அதே மட்டத்தில் நிலைத்ததா என்பதைத் தம்புள்ளைச் சந்தைக்குச் சரக்கனுப்பும் எந்த உழவனிடமும் கேட்டறியலாம்.

வடக்கிலும் கிழக்கிலும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இன்றும் உள்ளன; சிலவற்றில் பெயர்ப்பலகை மட்டும் உயிரோடிருக்கிறது என்பது வேறு. ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியே கடன் பத்திரத்தில் ஒப்பமிட்டு, விற்பனையாளன் சொன்ன விலைக்குத் தலையசைப்பதை விட, ஒரு மாவட்டத்துச் சங்கங்கள் சேர்ந்து இருபது, முப்பது லொறிகளுக்கு ஒரே கேள்விப் பத்திரம் அனுப்பினால் என்ன? எண்ணூர்க் கம்பனிக்கும் அதன் போட்டியாளனுக்கும் ஒருங்கே அனுப்பட்டும். ஏற்றுமதியைப் பெருக்க விரும்பும் கம்பனி அது. 2024-25இலே 15,000க்கு மேற்பட்ட வண்டிகளை வெளிநாடுகளுக்கு விற்றது. ஐந்தாண்டு அடைபட்டிருந்த அயற் சந்தை திறந்திருக்கும் வேளையிலே அது முப்பது வண்டிக் கட்டளையை அலட்சியம் செய்யாது. பெரு முதலாளி பெறும் கழிவு சங்கத்துக்கும் கிடைக்கும். கேள்விப் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் வரைவதற்கு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வவுனியாவிலும் சட்டத்தரணிகளுக்குப் பஞ்சமில்லை. உதிரிப்பாக விலையைக் குறைந்தது மூன்றாண்டுக்கு நிலைநிறுத்தும் வாசகம் ஒன்றை அதிற் சேர்க்க மறவாதிருப்பார்களாக. வண்டியிற் கழிவு கொடுத்தவன் பின்னர் உதிரிப்பாகத்தில் அதனை மீட்பது வழக்கம்.