மரத்துக்குத் தாகமா, மண்ணில் உப்பா? சென்சார் சொல்வது என்ன?

புதுச்சேரி நகரம் குடிப்பது நிலத்தடி நீரைத்தான். சுற்றியுள்ள தோப்புகளின் போர்வெல்லும் அதையேதான் இழுக்கிறது. அளவுக்கு மீறினால் கடல்நீர் உள்ளே வந்துவிடும். நிலத்தடி நீர் எடுப்பதை முறைப்படுத்த 2002-லேயே இங்கே தனிச் சட்டம் வந்தது.

சரி, மரத்துக்கு எப்போ தண்ணி விடணும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

மண்ணைக் கேட்கலாம்: கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய ஈரம் காட்டும் கருவியில் நீல விளக்கு எரிந்தால் ஈரம் ஏராளம், பச்சை என்றால் போதுமானது, ஆரஞ்சு என்றால் பாய்ச்சலாம், சிவப்பு என்றால் உடனே பாய்ச்ச வேண்டும்.

மரத்தையே கேட்கலாம்: பகலில் இலை வழியே நீர் போகப் போக, மா, கொய்யா மரத்தின் தண்டு மயிரிழை அளவு சுருங்கும். இரவில் வேர் நீரை இழுத்ததும் விரியும். இதை அளப்பதுதான் டென்ட்ரோமீட்டர். இரவிலும் பழைய அளவுக்குத் திரும்பலையா? மரம் தவிக்குதுன்னு அர்த்தம்.

கடலோரத்தில்தான் சிக்கலே. மண்ணில் உப்பு ஏறினால், ஈரம் இருந்தாலும் வேரால் நீரை எளிதில் உறிஞ்ச முடியாது. மின்கடத்தலை வைத்து அளக்கும் கருவியோ உப்பு மண்ணை ‘நல்ல ஈரம்’ என்று காட்டிவிடும். தண்டு சென்சார் ‘தாகம்’ என்னும். அதை நம்பி உப்பேறிய போர்வெல்லையே மறுபடி ஓட்டினால், மண்ணில் இன்னும் உப்பு சேரும். கடல்நீரும் இன்னும் நெருங்கும்.

அதனால், சென்சார் வாங்கும் முன் போர்வெல் தண்ணியின் உப்புத்தன்மையைப் பரிசோதிப்பதுதான் முதல் வேலை. மரம் தவிப்பதை சென்சார் சொல்லும். ஏன் தவிக்கிறது என்பதை நாம்தான் கண்டுபிடிக்கணும்.