குலை தூக்குகிறோமே, அது போதாதா?



"காலையில் பெரட்டுக்குப் போனால் வெயில் ஏறும்வரை செம்பனைக் குலை தூக்குகிறோம். எங்களுக்கு எதற்கு ஐயா தேகப்பயிற்சி?" என்று தோட்டத்தில் பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், எல்லா உழைப்பையும் நம் இதயம் ஒரே மாதிரி ஏற்றுக்கொள்வதில்லை.

சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 தடவை துடித்து, ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. வேகமாக நடக்கும்போதும், சைக்கிள் மிதிக்கும்போதும், திடலில் பந்து விளையாடும்போதும் தசைகள் மாறி மாறிச் சுருங்கி விரிகின்றன. அங்குள்ள இரத்தக் குழாய்கள் அகலமாகின்றன. கடும் ஓட்டத்தில் இதயம் 20 லிட்டர் வரைகூடத் தள்ளும். அப்போது இரத்த அழுத்தத்தின் மேல் எண் உயரும். கீழ் எண் அவ்வளவாக மாறாது.

பளு தூக்குவது வேறு. தசை இறுகி நிற்பதால் உள்ளிருக்கும் குழாய்கள் நசுங்குகின்றன. ரப்பர் குழாயை மிதித்துக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டது போலத்தான்! மூச்சையும் அடக்கிக்கொண்டால் இரண்டு எண்களும் சட்டென்று ஏறும். இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு இது ஆபத்து.

ஆகவே, முழங்காலை மடக்கி, மூச்சை வெளியே விட்டபடி குலையைத் தூக்குங்கள். வேலை முடிந்தபின், வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் கைவீசி நடங்கள். உலகச் சுகாதார நிறுவனம் வாரத்திற்கு 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது. நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகம். ஓடியவர்கள் சட்டென்று நிற்காதீர்கள். இரத்தம் காலிலேயே தங்கித் தலைசுற்றும். மெல்ல நடந்து ஓயுங்கள்.

சில மாதங்களில் பலன் தெரியும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதல் இரத்தத்தைத் தள்ளப் பழகிவிடும். காலையில் எழுந்ததும் மணிக்கட்டில் நாடியை எண்ணிப் பாருங்கள், முன்னைவிடக் குறைந்திருக்கும். இதயத்திற்கு அவ்வளவு ஓய்வு!

சகோதரிகளே, உங்களுக்கும் இதே கணக்குத்தான். அடுப்படி வேலையைச் சாக்குச் சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நெஞ்சு இறுகி, இடக்கையோ தாடையோ வலித்து, குளிர்ந்து வியர்த்தால், "காற்றுப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காதீர்கள். உடனே 999ஐ அழையுங்கள். கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள், டாக்டரைக் கேட்டபிறகே புதிய பயிற்சியைத் தொடங்குங்கள். நடக்கிறோமே என்று மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

உழைப்பு கூலி தரும். நடை ஆயுள் தரும். இன்று மாலையே, வீட்டில் உள்ளவர்களையும் அழைத்துக்கொண்டு புறப்படுங்கள்.