மருந்துக்கு முன் இலையைப் பார்ப்போம்

வளவுக்குள் பத்துத் தக்காளிக் கன்று நட்டிருக்கும் தாயொருத்தி, ஒரு காலையில் இலைகள் மஞ்சளாகிச் சுருண்டு கிடப்பதைக் காண்கிறாள். ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு கடைக்கு ஓடுகிறாள். இலையைப் புரட்டிப் பாராமலே கடைக்காரர் ஒரு போத்தலை எடுத்து நீட்டுகிறார். கையில் காசில்லையென்றால் கொப்பியில் எழுதிக்கொள்கிறார். இரண்டு கிழமையில் கன்று பட்டுப்போகிறது. கடன் மட்டும் கொப்பியில் நிற்கிறது. இதை நாம் பல குடியிருப்புகளில் கண்டிருக்கிறோம்.

இதில் எமக்கும் பங்குண்டு. விதைப் பக்கற்றையும் பூவாளியையும் பகிர்ந்தளித்துப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம். இலை வாடும்போது என்ன பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க நாம் அங்கே நிற்கவில்லை. பரம்பரையாகத் தோட்டஞ் செய்தவர்களுக்குத் தெரியாததா என்று நினைத்தோம். ஆனால் செம்மண்ணை அறிந்தவர் இன்று மணற்தரையில் நிற்கிறார். நன்னீர்க் கிணற்றடியில் வளர்ந்தவர் உவர்நீரை இறைக்கிறார். மண்ணும் நீரும் மாறினால் பழைய அனுபவம் தனித்து நின்று வழிகாட்டாது. 1990 இல் ஊரைவிட்டுப் புறப்பட்ட குடும்பங்களிற் சில இன்றும் பிறர் காணியிலேயே வாழ்கின்றன என்பதை மறவாதிருப்போம்.

எமது கருத்து இதுதான்: நோயை அறியாமல் அடிக்கும் மருந்து வீண் செலவு மட்டுமல்ல, அது குடும்பத்துக்கே கேடு. முதலில் இலையைப் புரட்டுங்கள். கெட்டிருப்பது கீழ் இலையா, குருத்தா? அடிப்பக்கத்தில் பூச்சி உண்டா? எல்லாக் கன்றுகளுமா, ஒன்றிரண்டு மட்டுமா? இக்கேள்விகளுக்கு விடை கண்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

கீழ் இலைகள் சீராக மஞ்சளாகி, குருத்துப் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் அது பசிதான். தழைச்சத்துப் போதவில்லை. மக்கிய மாட்டெருவும் கூட்டெருவும் இட்டால் தேறும். உச்சி வெயிலில் கீழ் இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, நிறம் மாறாதிருந்தால் வெப்பமும் நீர்க் குறைவுமே காரணம். வேரடியை வைக்கோலாலோ சருகாலோ மூடி, காலையில் ஆழ நனைத்தால் போதும். இலை விளிம்பு தீய்ந்ததுபோற் காய்ந்தால் கிணற்று நீரைச் சுவைத்துப் பாருங்கள். உவர்நீரை இலையில் ஊற்றாமல் அடியில் விட்டு, மண்ணில் கூட்டெருவைக் கூட்டி, மழைநீரைச் சேமிப்பதே பரிகாரம். இம்மூன்றுக்கும் கடையில் மருந்து கிடையாது.

கீழ் இலைகளில் வளையத்துக்குள் வளையமாகக் கபிலநிறப் புள்ளிகள் தோன்றி மேலேறினால் அது பூஞ்சணத்தால் வரும் வெளிறல் நோய். காலபோக மழையில் ஈரம் நின்றால் விரைந்து பரவும். நோயுற்ற இலைகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள். கன்றுக்குத் தடி நட்டுக் கட்டி, மண் தெறியாதபடி அடியை மூடி, காற்றோட்டம் விடுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் மாத்திரம் பூஞ்சணநாசினியை நாடலாம். சீட்டில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு துளியும் வேண்டாம். அடித்தபின் காய் பறிக்கக் காத்திருக்கும் நாளையும் கடைப்பிடியுங்கள்.

குருத்திலைகள் சிறுத்து, மஞ்சள் விளிம்போடு மேல்நோக்கிச் சுருண்டு, கன்று குறுகி நின்றால் அது வைரசு நோய். வெண் ஈ பரப்புவது. இதற்கு மருந்தே இல்லை. அக்கன்றைப் பிடுங்கி எரிக்கத்தான் வேண்டும். மற்றவற்றைக் காக்க, மஞ்சள் நிறத் தகட்டிற் பசைபூசிக் கட்டுங்கள். 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து 1 லீற்றர் நீரில் இரவு ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். அடுத்த முறை நாற்றுமேடையை நெருங்கிய கண்ணுள்ள வலையால் மூடிவிடுங்கள்.

பச்சையாயிருந்த கன்று ஓரிரு நாளில் வாடிச் சாய்ந்தால் தண்டின் அடியை வெட்டி, கண்ணாடிக் குவளை நீரில் தொங்கவிடுங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போல் இழை இறங்கினால் அது பற்றீரியா வாடல். வேரோடு அகற்றுங்கள். அவ்விடத்தில் தக்காளியோ கத்தரியோ மிளகாயோ உடனே நடவேண்டாம். சோளமோ வெங்காயமோ நடலாம். வேறிடம் இல்லாதவர் சுத்தமான மண் நிரப்பிய உரப்பையில் தக்காளியை வளர்க்கலாம்.

இரசாயனம் முழுவதும் பாவம் என்று நாம் சொல்லவில்லை. 2021 மே மாதத்தில் அரசாங்கம் ஆயத்தமின்றி இரசாயனப் பசளைக்கும் பீடைநாசினிக்கும் இறக்குமதித் தடை விதித்து, நவம்பரில் அதைத் தளர்த்தியபோது பட்ட துன்பம் கமக்காரருக்குத் தெரியும். ஆனால் இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. ஒற்றை அறைக் கொட்டிலில் மருந்துப் போத்தலை வைக்கத் தனியிடம் ஏது? பிள்ளையின் கைக்கும், மனமுடைந்த ஒருவரின் கைக்கும் அது எட்டுகிறது. எமது நாட்டில் 1995 இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகியனவும் 1998 இல் எண்டோசல்பானும் தடைசெய்யப்பட்டன. 1995 அளவில் உச்சத்திலிருந்த தற்கொலைச் சாவுகள் அதன்பின் பெருமளவு குறைந்தன. கொடிய நஞ்சு கைக்கெட்டாதபோது உயிர்கள் தப்புகின்றன. பத்துக் கன்றுக்காக அந்த நஞ்சை வீட்டுக்குள் கொண்டுவரத்தான் வேண்டுமா?

ஆகவே ஒவ்வொரு குடியிருப்பிலும் கிழமைக்கு ஒருநாள் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்க்கும் வழக்கம் வேண்டும். பெண்களும் முதியவர்களும் அதில் முன்னிற்க வேண்டும். அன்றாடம் கன்றைக் காண்பவர்கள் அவர்களே. ஐயம் தீராவிட்டால் இலையைக் கடைக்கல்ல, விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுசெல்லுங்கள். விதை வழங்கும் எம்போன்ற நிறுவனங்களும் அறுவடை வரை உடன்நிற்பதைக் கடமையாகக் கொள்ளவேண்டும்.

காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொன்ன எசமானிடம், சுற்றிக் கொத்தி எருப்போட்டுப் பார்க்க ஓராண்டு தவணை கேட்ட தோட்டக்காரனை நற்செய்தியில் அறிவோம். அவன் மரத்தை அறிந்தவன். ஆதலால் பரிந்து பேசினான். எந்தக் கன்றைப் பிடுங்குவது, எதற்குத் தவணை கொடுப்பது என்பதை நாமும் அறிந்துகொள்வோம். இரவல் நிலத்திலும் அந்த அறிவு எமக்கே சொந்தம்; ஊர் திரும்பும் நாளில் அதையும் எம்மோடு கொண்டுபோகலாம்.